கஞ்சியில் ஊறிய முந்திரி

புளித்த கஞ்சித் தண்ணீரில் நாள் முழுக்க ஊறிக் கிடந்த முந்திரிப் பருப்புக்கு ஒரு வாடை உண்டு. ஈரத்துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு மறந்துபோனால் மூன்றாம் நாள் வருமே, அதன் மேல் கொஞ்சம் இனிப்பைத் தடவினாற்போன்ற வாடை. பதினோரு வயதில், மாசி மாதம் தொடங்கி வைகாசி வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் நான் அதைத் தின்றிருக்கிறேன். இன்றைக்கு அலுவலகத்தில் யாராவது கேசரி கொண்டு வந்து கொடுத்தால் முந்திரியை மட்டும் விரலால் ஒதுக்கி, தட்டின் ஓரத்தில் தள்ளி, அதன் மேல் காகிதத்தை வைத்து மூடிவிடுகிறேன். "டயட்டா மேடம்?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். குமட்டுகிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் காரணம் ஒரு தட்டு கேசரிக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற அளவு சின்னதில்லை.

ஆலங்குடியைத் தாண்டி அறந்தாங்கி போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கியிருக்கிறது எங்கள் ஊர். செம்மண், முந்திரித் தோப்பு, அதன் நடுவே நாற்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சபை. ஊரின் மேற்கு மூலையில் முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகை. ஒரு பக்கம் கொட்டையை டிரம்மில் போட்டு வறுப்பார்கள். கரும்புகை எழும்பித் தெருவெல்லாம் கண் எரியும். இன்னொரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிப் பருப்பை எடுப்பார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், அப்படியும் வேகும். என் அம்மா பாக்கியத்தின் பத்து விரல்களும் கறுத்துத் தடித்து, ரேகை எல்லாம் அழிந்து வழவழவென்று இருக்கும். அப்பா போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவர், கிறிஸ்துமஸுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் இரண்டு பக்கத்து வம்சத்திலும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். அடக்கமாகச் சொல்ல வேண்டிய சங்கதியாக இது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமைதான் என்னைச் சபையில் 'எழுத்துக்காரி' ஆக்கியது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய பால்மாவு டின் ஒன்றின் மூடியில் கத்தியால் கீறி ஓட்டை போட்டு, அதைப் பீடத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். ஜெபிக்க வேண்டிய காரியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். அதற்கு 'ஜெபக் குறிப்பு' என்று பெயர். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாததால் நாலு மணிக்கே நான் நோட்டுத் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன், டின்னில் போடுவேன், பிறகு கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பேன். "பாப்பா வாசிச்சா ரேடியோ மாதிரி இருக்கு" என்பார்கள். நான் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன்.

ஜெபக் குறிப்புக்கு ஒரு சட்டம் இருந்தது. யாருடைய பெயரையும் எழுதக் கூடாது. பெயரை எழுதினால் அது புறணி, எழுதாவிட்டால் அது அன்பு. ஆகவே பெயரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள்.

"எனக்காக இல்ல பாப்பா. எழுது. நம்ம சபையில ஒரு சகோதரி. புருசன் குவைத்துல இருக்காரு. அவுக ஒழுங்கா இருக்கணும்."

"குவைத்துல நாலு பேரு இருக்காங்களே, பெரியம்மா."

"நீல வாசல்னு போடு. பேரு வேணாம். பேரு போட்டா பாவம்."

இப்படித்தான். நீல வாசல், இரட்டைப் பின்னல், மொபெட் வைத்திருக்கிற சகோதரர், மூத்த மகனுக்கு இன்னும் பெண் அமையாத குடும்பம். வாசித்து முடித்ததும் அத்தனை தலையும் ஒரே திசையில் திரும்பும். திரும்பிய வேகத்திலேயே எல்லாக் கண்ணும் ஜெபத்துக்கு மூடிக்கொள்ளும். "ஸ்தோத்திரம்" என்று ஒரு பெருமூச்சு எழும், பசித்தவன் இலை முன்னால் உட்கார்ந்ததும் விடுகிற பெருமூச்சுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இருக்காது. அப்போது எனக்கு இது ஒன்றும் அருவருப்பாக இல்லை. உண்மையைச் சொல்வதென்றால் பிடித்திருந்தது. ஊரில் யாருக்கு என்ன என்று பெரியவர்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது?

முந்திரிக்கு வருகிறேன். அந்த வருடம் தை மாதத்தில் ஒரு நாள் பள்ளியில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்தேன். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ரத்தமே இல்லம்மா. முட்டை, பருப்புன்னு ஏதாச்சும் குடு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினாள். நாள் முழுக்கக் கைக்குக் கீழே பருப்பாகவே குவிந்து கிடக்கிற ஒருத்தியிடம் சொன்ன வார்த்தை அது.

கொட்டகையில் வேலை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொருவரும் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். இடுப்பையும் மடியையும் மேஸ்திரி பார்ப்பார். மதியக் கஞ்சி கொண்டுபோகிற அலுமினியத் தூக்கை யாரும் பார்ப்பதில்லை. மிச்சக் கஞ்சி புளித்துக் கிடக்கும், மூடியைத் திறந்தால் மூஞ்சியில் அடிக்கும். அம்மா பருப்பை அதற்குள் போட்டுக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, கஞ்சியை வடித்து, எட்டோ பத்தோ பருப்பைப் பொறுக்கி மூன்று தண்ணீரில் அலசுவாள். அலசினாலும் வாடை போகாது. வெளுத்து ஊதி, அமுக்கினால் பிதுங்குகிற பருப்பு. "மருந்துன்னு நெனச்சு முழுங்கு" என்பாள். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று அவள் சொன்னதே இல்லை, கதவைச் சாத்தியதிலேயே சொல்லிவிட்டாள். நான் தின்று முடிக்கும் வரை என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வைகாசியில், பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை. நான் தாளும் பேனாவுமாகச் சபையில் உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொட்டகையின் மேஸ்திரி அவர்தான். பெண்கள் சங்கத்தின் தலைவியும் அவர்தான். அவருக்கு எழுதத் தெரியும், கொட்டகையில் எடை எழுதுகிறவரே அவர். ஆனாலும் என்னிடம் வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்பிய பவுடர் வேர்வையில் வரிவரியாக இறங்கியிருந்தது.

"எழுது கண்ணு. நம்மளோட வேல செய்யிற ஒரு சகோதரி."

எழுதினேன்.

"கஞ்சித் தூக்குல மறைச்சு அன்னாடம் திருடிக்கிட்டுப் போறாங்க."

என் பேனா நின்றது.

"என்ன கண்ணு, மை தீந்துருச்சா?"

"யாரு அத்தை அது?"

"பேரு எதுக்கு? ஆண்டவருக்குத் தெரியும். ஒனக்கும் தெரியாம இருக்காது." என் தலையைத் தடவினார். "அன்போடதான் சொல்றேன். எழுது. அந்தச் சகோதரிக்கு ஆண்டவர் மனந்திரும்புதலக் குடுக்கணும். பெத்த பிள்ளைக்குத் திருட்டுப் பொருளக் குடுத்து வளக்குறாங்க. அதையும் போடு."

போட்டேன். என் எழுத்து எப்போதும்போல் அச்சடித்தாற்போலத்தான் இருந்தது. எஸ்தர் அத்தை வாங்கிப் படித்துப் பார்த்து, "எழுத்தப் பாரு, முத்து முத்தா" என்று மெச்சி, என் கையில் ஒரு மிட்டாயை வைத்து மூடிவிட்டு, சீட்டைத் தன் கையாலேயே டின்னில் போட்டார். அந்த மிட்டாயை நான் தின்றேனா எறிந்தேனா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவில்லை. தின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்து மணிக்கு அம்மா வந்தாள். மூன்றாம் வரிசையில், சுவரை ஒட்டி, கறுத்த கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்று சீட்டுகளை எடுக்கத் தொடங்கினேன். அந்தச் சீட்டு கைக்கு வந்தபோது எனக்கு எத்தனையோ வழிகள் இருந்தன. கசக்கியிருக்கலாம். அடியில் தள்ளியிருக்கலாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று இருமியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்ற எல்லாச் சீட்டையும்விட அதைத் திருத்தமாக, சத்தமாக, 'ழ'கரம் 'ள'கரம் பிசகாமல் வாசித்தேன். குரல் நடுங்கினால் அது என் அம்மாதான் என்று தெரிந்துவிடும். நன்றாக வாசித்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். எஸ்தர் அத்தைமேல் எனக்குள்ள அருவருப்பு பழையது, ஆறிப்போனது. அந்த ஒரு நொடிக்காக என்மேல் வருகிற அருவருப்பு இன்னும் ஆறவில்லை.

தலைகள் திரும்பின. கண்கள் மூடின. எஸ்தர் அத்தை ஜெபிக்க எழுந்தார். அழுதுகொண்டே ஜெபித்தார். "கஞ்சித் தூக்குக்குள்ள இருக்குறதையும் பாக்குற தேவனே! கஞ்சிக்கு அடியில கெடக்குறதையும் பாக்குற தேவனே!" என்று, கடவுளுக்கு விவரம் போதாது என்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "ஸ்தோத்திரம்" விழுந்தது. கடைசியில் சபையை நடத்துகிற உபதேசியார் எழுந்தார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று பெயர். "யாரு என்னன்னு நாம ஆராய வேணாம். அன்பா மூடி விட்ருவோம்" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். கொட்டகை முதலாளி வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு மைக் செட்டும் டியூப்லைட்டும் போட்டுக் கொடுக்கிறவர்; அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருடைய தூக்கை மோந்தாலும் என் வீட்டு வாடைதான் அடித்திருக்கும். கிளறினால் எதுவரை போகும் என்று பயந்து மூடினார். அதற்கும் அன்பு என்றே பெயர் வைத்தார். ஒரே அரைமணி நேரத்தில் அந்த வார்த்தையை ஒருத்தி எறிகிற கல்லாகவும் ஒருவர் மூடுகிற கந்தலாகவும் எடுத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

"ஆமென் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஜெயமேரி சித்தி. கொட்டகையில் அம்மாவுக்கு எதிர்க் கல்லில் உட்கார்ந்து உடைப்பவர். வாய் நீளம், பாட்டுக்கு மட்டும்தான் சபைக்கு வருவார், ஜெபம் தொடங்கினால் வெற்றிலையோடு வெளியே போய்விடுவார் என்று அவர்மேலும் ஏழெட்டு ஜெபக் குறிப்பு நானே எழுதியிருக்கிறேன்.

"எஸ்தரக்கா, நீங்களும் நாங்களும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழதானே கெடக்குறோம்? அங்கிட்டு வச்சு ஒரு வார்த்த கேக்க வாய் வரல. ஆண்டவர்ட்ட சொல்றதுக்கு மட்டும் ஊரையே கூட்டணுமா?"

"நான் யாரு பேரையும் சொல்லலியே, ஜெயமேரி. அன்போடதானே..."

"பெத்த பிள்ள வாயாலயே வாசிக்க வச்சிருக்கீங்க. இதுக்குப் பேரா அன்பு?"

அவ்வளவுதான். பெயர் சொல்லாமலே பெயர் வெளியே வந்து நடுவில் நின்றது. உபதேசியார் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஜெயமேரி சித்தி எங்களோடு வந்தார். இனி என் அம்மாவுக்கு ஆறுதல் சொல்வார், அந்த எஸ்தரைத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். தோப்பு முனை வரைக்கும் முன்னால் நடந்தார். பிறகு நின்றார்.

"ஏண்டி பாக்கியம், எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எத்தன நாளா?"

"மாசியிலேர்ந்து. பிள்ள மயங்கி விழுந்துச்சுல்ல."

"தப்புடி."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்ணியா? சரி. திங்கக்கெழம போயி மொதலாளிகிட்ட நீயே சொல்லிரு. நானும் வாரேன்."

அம்மா அப்போதுதான் அழுதாள். "வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு, மேரி."

"நிப்பாட்டுனா ரெண்டு பேரும் நிப்போம். அதுக்காக இல்லன்னு பொய் சொல்லிட்டு அந்த எஸ்தரு மூஞ்சியில தெனமும் முழிக்கப் போறியா?" பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "தொண்ட நல்லாத்தான் இருக்கு ஒனக்கு" என்றார்.

அன்றைக்கு மாலையும் தூக்கில் பருப்பு இருந்தது. அம்மா அதைக் குப்பையில் கொட்டப் போனாள். "கொட்டாத. அதையும் கொண்டுபோயிக் குடு" என்று தடுத்தார் கூடவே வந்திருந்த சித்தி. ஆகவே அந்தத் தூக்கு அப்படியே மூலையில் இரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். மூடியின் விளிம்பில் நுரை கட்டியிருந்தது. கையை எவ்வளவு தள்ளி நீட்டிப் பிடித்தாலும் வாடை கூடவே வந்தது.

முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எடை நோட்டோடு எஸ்தர் அத்தை. அம்மா தூக்கை மேசைமேல் வைத்துத் திறந்தாள். முதலாளி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நான் பருப்பு எடுத்தேங்க. மாசியிலேர்ந்து. இந்தத் தூக்குல வச்சு. பிள்ளைக்குக் குடுத்தேன். இனி எடுக்க மாட்டேன்."

அவர் தூக்கைப் பார்த்தார். கறுத்த கஞ்சியில் ஒன்பது பருப்பு வெள்ளைப் புழுக்களைப்போல் மிதந்தது. எஸ்தர் அத்தை பக்கம் திரும்பி, "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"அரசல் புரசலாத் தெரியுங்க."

"எங்கிட்ட சொல்லலியே?"

"ஜெபத்துல வச்சிருந்தேங்க" என்றார் எஸ்தர் அத்தை.

முதலாளிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்றும் செய்யாமல் தூக்கை மூடச் சொன்னார். "பருப்புப் பக்கம் இனி வேணாம். டிரம்முக்குப் போ. சீசன் முடியட்டும், அப்பறம் பாப்போம்" என்றார். டிரம் வேலை ஆண்களுடையது. சூட்டில் கொட்டை வெடித்து எண்ணெய் தெறிக்கும், புகையில் நாலடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அம்மா சரி என்று தலையாட்டினாள்.

"நானும் டிரம்முக்கே போறேன்" என்றார் ஜெயமேரி சித்தி.

"நீ எதுக்கு? நீயும் எடுத்தியா?"

"இல்லீங்க. ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு புடிச்சுப் போச்சு. நின்னு பாக்குறேன்."

சீசன் முடியும்வரை ஒன்றரை மாதம் இரண்டு பேரும் புகைக்குள் நின்றார்கள். சித்தி ஒன்றும் புனிதவதியைப் போல் நிற்கவில்லை. நாள் முழுக்க அம்மாவை வைதுகொண்டே நின்றார். "ஒன்னால எனக்கு இருமலு. ஒன்னால எஞ் சீல போச்சு. ஒரு முட்ட கேட்டிருந்தா நான் குடுக்க மாட்டேனா? திருடப் போனாளாம், திருட! அதுலயும் கஞ்சிக்குள்ள போட்டு, த்தூ, நாய் திங்குமா அத?" என்று அவர் கத்துவது தெருவரைக்கும் கேட்கும். மதியத்தில் நான் தண்ணீர் கொண்டுபோனால் முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த கொப்புளத்தைக் காட்டி, "பாரு, ஒங்காத்தா எனக்கு வாங்கிக் குடுத்த வளையலு" என்பார். அம்மா சிரித்துவிடுவாள். சபையில் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அங்கேதான், அந்தப் புகைக்குள்தான். வாரம் இரண்டு முறை சித்தியின் வீட்டிலிருந்து முட்டை வந்தது. "பிள்ளைக்கு ரத்தம் ஊற வேணாமா? கோழி சும்மாத்தானே போடுது" என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

முதலாளியிடம் சொன்ன அதே வாரச் சனிக்கிழமை நான் சபைக்குப் போனேன். யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கை வலிக்கிறது என்று சொன்னேன். எனக்காக ஒரே ஒரு சீட்டு எழுதி டின்னில் போட்டேன். வாசிக்கும் நேரம் வந்ததும் எழுந்து நின்று அதை வாசித்தேன். "எங்க அம்மா எடுத்துக்கிட்டு வந்த முந்திரிப் பருப்பு முழுவதையும் தின்னது நான். போன வாரம் அதைச் சத்தமா வாசிச்சதும் நான். இப்படிக்கு, பாக்கியம் மகள் ஷீபா." இந்த முறை குரல் நன்றாகவே நடுங்கியது. ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. யாருக்கும் கண்ணை மூடத் தோன்றவில்லை. உபதேசியார், "ஜெபக் குறிப்புல பேர் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல, பாப்பா?" என்றார். அந்தச் சபையில் அந்த வருடம் முழுக்க வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்ட ஒரே குற்றம் அதுதான்.

நான் படித்தேன். அம்மா மறுபடி பருப்புக்கு வந்தாள், பிறகு நூறு நாள் வேலைக்குப் போனாள், நான் பரீட்சை எழுதித் திருவரங்குளம் ஒன்றிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அவளை அங்கேயே அழைத்து வந்துவிட்டேன். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் அவள் விரலை இன்றுவரை ஏற்றுக்கொண்டதில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு ரேகையே இல்லையேம்மா" என்று ஒவ்வொரு மாதமும் புதிதாக ஆச்சரியப்படுகிறார்கள். ஜெயமேரி சித்திக்கு நுரையீரலில் கோளாறு. மாதம் ஒருமுறை புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வரும்போது எங்கள் வீட்டில் தங்குவார். அம்மாவும் அவரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். கொட்டகை மூடிக் கூரைத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள். உபதேசியார் மாறிப் போய்விட்டார். பால்மாவு டின் எங்கே போனது என்று கேட்டால் சபையில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது பெண்கள் சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் அம்மாவுடைய எண்ணையும் சேர்த்திருக்கிறார்கள். எழுத்து தெரியாதவர்கள் இனி யாரையும் தேட வேண்டியதில்லை, குரலிலேயே பதிந்து அனுப்பிவிடுகிறார்கள். 'நம்ம சபையில் ஒரு சகோதரி' என்றுதான் அவையும் தொடங்குகின்றன. பெயர் மட்டும் இருக்காது. நான் போனை அம்மாவிடமிருந்து வாங்கி அழித்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு மதியம் எஸ்தர் அத்தை என் அலுவலகத்துக்கு வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. பவுடர் இல்லை. ஒரு கண்ணில் பூ விழுந்து, மறு கண்ணும் மங்கியிருந்தது, சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "ஷீபா கண்ணு, இம்புட்டுப் பெரிய ஆபீஸ்ல ஒன்னயப் பாக்க எவ்வளவு சந்தோசமா இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம தெருவுல ஒரு சகோதரி. மகன் வெளிநாட்டுல இருக்கான். ஏழைகளுக்குக் குடுக்குற கவர்மெண்டு வீட்ட வாங்கப் பாக்குறாங்க. நீ ஒரு பேப்பர்ல எழுதி உள்ள குடுத்துரு. பேரு வேணாம். அன்போடதான் சொல்றேன்."

அந்த வாடை அப்படியே வந்து என் தொண்டையில் நின்றது. நான் எழுந்தேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்: "பேரும் கையெழுத்தும் இல்லாம இங்க மனு வாங்க மாட்டோம். நீங்க ஜெபத்துல வச்சுக்கங்க, அத்தை."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எஸ்தர் அத்தை சிரிப்பு வந்த பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு, வாசல் வெளிச்சத்தை நோக்கிப் போனார்.

இத்தனை வருடம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குதூகலம். ஆஸ்பத்திரிக்காக வந்திருந்த ஜெயமேரி சித்தியிடம் சாயங்காலம் அதைச் சொன்னேன், எஸ்தர் அத்தை குரலிலேயே நடித்துக் காட்டினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். சித்தி சிரிக்கவில்லை.

"எழுத முடியாதுன்னு சொன்னது சரி" என்றார். "கண்ணு தெரியலேன்னா சொன்ன? எப்புடி ஊரு போயிச் சேந்தா?"

"தெரியல, சித்தி."

"பஸ் ஏத்தி விட்டியா?"

"இல்ல."

"ஒரு காப்பித் தண்ணி?"

சித்தி கொஞ்ச நேரம் இருமினார். இருமல் அடங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குத் தோப்பு முனையில் பார்த்த அதே பார்வையாக என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"தொண்ட இன்னும் நல்லாத்தான் இருக்கு ஒனக்கு" என்றார்.